ஜெயசீலியின் வேனும் கங்கம்மாவின் தலைவலியும்

வேனுக்குள் பெட்ரோல் வாடை வீசுகிறது என்று முதன்முதலில் சொன்னவள் கங்கம்மா. சொன்னதில் தப்பில்லை. சொன்ன விதம்தான் ஜெயசீலிக்குப் பிடிக்கவில்லை.

“இன்னாமே சீலி, இது வேனா, பெட்ரோல் பங்க்கா? கடைசி சீட்ல குந்திகினு வந்தா தலை கிர்ருனு சுத்துது. கீழ எறங்கி நின்னாத்தான் பூமி நிக்கிது.”

முன்சீட்டில் இருந்த பேபி குலுங்கிச் சிரித்தாள். “நேத்து துன்ன பிரியாணி ஒத்துக்கலக்கா உனக்கு. வண்டி மேல ஏன் பழி போடுற?”

“பிரியாணி துன்ன மூக்குக்கு வாடை தெரியாதாடி? நீ முன்னாடி குந்திகினு காத்து வாங்கிகினு வர்ற. உனக்கு இன்னா.”

ஜெயசீலி கண்ணாடியில் கங்கம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். “ஜன்னலை நல்லா திறந்து வெச்சுக்கோங்கக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஜெயசீலிக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது. வீடு மாடம்பாக்கத்தில். பெரும்பாக்கத்தில் அரசு கட்டிக் கொடுத்த அடுக்குக் குடியிருப்பிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் சில பெண்களை ஏற்றிக்கொண்டு, மேடவாக்கம், கேம்ப் ரோடு வழியாகத் தாம்பரம் சானடோரியம் பக்கத்துக் கம்பெனிகளில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவது அவள் தொழில். அந்தப் பெண்களுக்குத் துப்புரவு வேலை. மற்றவர்கள் ஷூ போட்டுக்கொண்டு உள்ளே வருவதற்குள் தரை துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். அவ்வளவு சீக்கிரத்தில் நேராகப் போகிற பஸ் கிடையாது. இரண்டு பஸ் மாறி, இடையில் நடந்து போக வேண்டும். அதனால் அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் கான்ட்ராக்டர் வெற்றிவேல், ஜெயசீலியின் மஞ்சள் போர்டு வேனை மாத வாடகைக்குப் பேசியிருந்தார்.

அவளும் ஒரு காலத்தில் இப்படிக் கம்பெனி வேனில் போனவள்தான். அப்பா ரயில்வேயில் கலாசி, கடைநிலைத் தொழிலாளி. பள்ளி முடிந்ததும் ஏற்றுமதிச் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்து, இளமை முழுவதும் காலர் தைத்தாள். காலர் மட்டும்தான். கை ஒருத்தி வைப்பாள், பொத்தான் இன்னொருத்தி வைப்பாள். முழுச்சட்டை ஒன்று அவள் மேஜைக்கு வந்ததே கிடையாது. காலையில் கம்பெனி வேனில் எல்லாப் பெண்களும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். டிரைவர் ஒருவர் மட்டும் விழித்துக்கொண்டு, ரோட்டையும் ஆட்களையும் பார்த்தபடி, வேலைக்குப் போவதையே ஒரு காரியமாகச் செய்துகொண்டு வருவார். அந்த சீட் மேல் ஜெயசீலிக்கு ஒரு கண் இருந்தது. கம்பெனியை மூடியபோது மற்றவர்கள் இன்னொரு கம்பெனி தேடினார்கள். இவள் சேலையூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தாள்.

அவள் கணவர் எலியேசர் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர். மனைவி வேன் வாங்கப் போகிறேன் என்றதும் வெகுநேரம் யோசித்துவிட்டு, “அப்ப நான் முன்னாடி உக்காரலாமா?” என்று கேட்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

நேரம் தவறாதவள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு ஓட்டுகிறவள். யாரையும் லேசில் பாராட்டமாட்டாள். கல்யாண வீட்டுச் சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவள் வாயிலிருந்து வருகிற உச்சபட்சச் சொல் “பரவாயில்லை” என்பதுதான். இப்படிப்பட்டவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மற்றவர்களுடைய குறையை அளந்து சொல்வதில் இருக்கும் கவனம், தன்னைப் பற்றி மற்றவர் சொல்லும் குறையைக் கேட்பதில் இருக்காது. கங்கம்மா விஷயத்தில் அதுதான் நடந்தது.

வாடை வருகிறதென்றால் வாசனை வைத்தால் போயிற்று என்று எலியேசர் யோசனை சொன்னார். கடையிலிருந்து மல்லிகை மணம் வீசும் ஒரு சின்ன டப்பா வாங்கிவந்து பின்சீட்டுக்கு மேலே தொங்கவிட்டார். மறுநாள் கங்கம்மா ஏறி உட்கார்ந்தாள், ஒரு தடவை மூச்சை இழுத்தாள்.

“ஐயோ, பொணத்துக்கு மாலை போட்ட மாதிரி கீதே!”

வேனே சிரித்தது. ஜெயசீலிக்கு மட்டும் காது சூடேறியது. தன் வண்டியைப் பிணம் என்றால் எந்த டிரைவருக்கும் தாங்காது.

“அவ்ளோ கஷ்டமா இருந்தா பஸ்ல போங்கக்கா. யாரும் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தலை.”

சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்த நாள் கங்கம்மா குடியிருப்பு வாசலுக்கு வரவில்லை. “பஸ்ல போறேன்னு போய்ட்டா” என்றாள் பேபி. ஜெயசீலி கேட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

அந்த வாரமே வெற்றிவேல் போன் செய்தார். வேனின் எஃப்.சி. முடியப் போகிறது. வாடகை வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அரசு தருகிற சான்று அது. கெடு தாண்டிவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது.

“அக்கா, கம்பெனில செக்யூரிட்டி பேப்பர் பாக்கறான். மாசக் கடைசிக்குள்ள எஃப்.சி. புதுசு பண்ணிடுங்க. இல்லன்னா நான் வேற வண்டி போடறத விட்டா வழியில்ல. தப்பா நினைக்காதீங்க.”

அவர் வேறு வண்டி போட்டுவிட்டால் அது திரும்பி வராது என்று ஜெயசீலிக்குத் தெரியும். இந்த ஒரு ட்ரிப்தான் அவள் தொழில். மற்றதெல்லாம் எப்போதாவது வருகிற கல்யாணச் சவாரி.

எஃப்.சி.க்கு முன்னால் புகைச் சான்று வேண்டும். வேளச்சேரி ரோட்டில் ஒரு பங்க் ஓரமாக இருந்த பரிசோதனை மையத்துக்குப் போனாள். அங்கே இருந்த பெண் ஒரு கம்பியைப் புகைக்குழாய்க்குள் செருகி, கம்ப்யூட்டரைப் பார்த்து, திரும்ப ஒரு தடவை செருகிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

“ஃபெயில்க்கா. கார்பன் மோனாக்சைடு ரொம்ப ஜாஸ்தி காட்டுது. எங்கயாவது காட்டி சரி பண்ணிட்டு வாங்க.”

வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, கரும்புகை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அப்படியிருக்க எதைச் சரிபண்ணுவது? ஜெயசீலிக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏஜென்ட் ஷ்யாம்சுந்தருக்குப் போன் போட்டாள். போன தடவை எஃப்.சி. வேலையைப் பார்த்துக் கொடுத்தவன் அவன்.

“இதுக்குப் போய் டென்ஷன் ஆவறீங்களே” என்றான் அவன். “வண்டியே வர வேணாம். நம்பர் பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. சாயங்காலம் சர்டிபிகேட் உங்க வாட்ஸப்புல நிக்கும். எஃப்.சி. நாம பேசிக்கலாம்.”

“வண்டியப் பாக்காமயா?”

“வண்டிய பாத்தா ஃபெயில் ஆவும்க்கா. அதான் பாக்கறதில்ல.”

மறுநாள் காலை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தாள். உண்மையிலேயே அனுப்பத்தான் இருந்தாள். அவளைப் பெரிய உத்தமி என்று யாரும் எழுத வேண்டியதில்லை. பிழைப்புக்கு ஒரு வழி திறந்தால் அந்த வழியில் நடக்கிறவள்தான்.

காலையில் பெண்களை இறக்கிவிடும்போது, கீழே இறங்கின பேபி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, கங்கம்மாக்காவுக்குத் தலைவலியே இல்லையாம். பஸ்ல போவ ஆரம்பிச்சதுலேர்ந்து சுத்தலும் இல்ல, வாந்தியும் இல்லையாம். நேத்து லைன்ல தண்ணி புடிக்கும்போது சொல்லிகினு இருந்துச்சு.”

“வாந்தி வேற எடுத்தாங்களா?”

“டெய்லி எறங்கனதும் அந்தக் காம்பவுண்டு சுவராண்ட போய் நிக்கும். நீ பாத்திருக்க மாட்ட. வண்டிய திருப்பிகினு போய்டுவ.”

பேபி ஏதோ அக்கப்போர் சொல்கிற தொனியில்தான் சொன்னாள். வேறொரு நினைப்பு அதில் இல்லை. ஆனால் ஜெயசீலி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான். கம்பெனியில் காலர் தைத்த நாட்களில், சாயம் போட்ட துணியின் நெடி தாங்காமல் வாந்தி எடுத்த ஒரு பெண்ணிடம் மேற்பார்வையாளர் என்ன சொன்னார் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவரும் இதையேதான் சொன்னார்: கஷ்டமா இருந்தா வராதே.

போட்டோ எடுக்கவில்லை. வண்டியை நேராகப் பீர்க்கன்கரணைக்கு விட்டாள்.

பீர்க்கன்கரணை ஏரிக்கரை ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவன் சுகுமார். நாற்பது வயது, அதிகம் பேசுகிறவன், ஆனால் வேலை நேரத்தில் வாயை மூடிக்கொள்வான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த ஒரு துளையில் ஸ்கேனரைச் செருகி, போனைப் பார்த்தவன் புருவத்தை உயர்த்தினான்.

“ஆக்சிஜன் சென்சார் அவுட்டு. நாலஞ்சு மாசம் முன்னயே போயிருக்கணும். இன்ஜின் லைட்டு எரியுமே, பாக்கலியா?”

“எரியலையே. எரிஞ்சா நான் அன்னிக்கே வந்திருப்பேன்.”

“எரியாம இருக்காதுக்கா.” சுகுமார் குனிந்து மீட்டர் பக்கம் முகத்தைக் கொண்டுபோனான். பிறகு அப்படியே நின்றான். “அக்கா, இது இன்னா?”

மீட்டரின் இடது மூலையில் தங்க நிற ஓரத்தோடு ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஒவ்வொரு புத்தாண்டிலும் சர்ச்சில் அந்த வருஷத்துக்கான பைபிள் வாக்குத்தத்த வசனத்தை அச்சடித்து வீட்டுக்கொன்று தருவார்கள். அதை பீரோவில் ஒட்டுவார்கள், பிரிட்ஜில் ஒட்டுவார்கள், வண்டி வைத்திருப்பவர்கள் வண்டியில் ஒட்டுவார்கள். இந்த வருஷத்து வசனம் போகிற பாதையில் காவல் உண்டு என்கிற பொருளில் அமைந்திருந்ததால், ஓட்டும்போது மனைவியின் கண்ணில் படட்டும் என்று எலியேசர் மீட்டர் மேலேயே ஒட்டிவிட்டார்.

சுகுமார் துணியில் கையைத் துடைத்தான். மறுபடியும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான். ஆனால் ஸ்டிக்கரைத் தொடவில்லை.

“நீங்களே எடுத்துடுங்கக்கா. சாமி சமாச்சாரம். என் கை ஆயில் கை.”

“கழுவிட்டுத்தானே வந்த?”

“இருக்கட்டும். நீங்க எடுங்க.”

ஜெயசீலி நகத்தால் மூலையைக் கிளப்பி மெதுவாக உரித்தாள். அதற்கடியில் இன்ஜின் படம் போட்ட விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ, யாருக்கும் தெரியாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

“வாக்குத்தத்தத்தக் கொண்டுபோய் லைட்டு மேலயா ஒட்டுவாரு மனுஷன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். சுகுமார் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் ஷெட்டுக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். ஜெயசீலி ஸ்டிக்கரைக் கசக்காமல் எடுத்து, முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டிக் கதவின் மேல் ஒட்டினாள்.

பிறகு சுகுமார் விளக்கம் சொன்னான். “புகை போற குழாய்ல மூக்கு மாதிரி ஒண்ண வெச்சிருக்கான்க்கா. புகையில ஆக்சிஜன் எவ்ளோ மிச்சம் கீதுன்னு மோந்து பாத்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அத வெச்சுத்தான் அது பெட்ரோல் ஊத்தும். மூக்கு போச்சுன்னா, கம்மியா ஊத்தி வண்டி நின்னுடக் கூடாதேன்னு ஜாஸ்தியாவே ஊத்திகினு இருக்கும். அதான் வாடை.”

“முன்சீட்ல எனக்கு வாடையே வரலையே?”

சுகுமார் பின்னால் போய்ப் பின்கதவைத் தூக்கினான். கதவைச் சுற்றியிருந்த ரப்பர் வெயிலில் காய்ந்து, அங்கங்கே வாய் பிளந்து கிடந்தது. வண்டி ஓடும்போது புகை அந்த வழியாகச் சுழன்று உள்ளே ஏறும். கடைசி சீட்டுக்கு நேராக. “இங்க யாரு உக்காருவாங்க?”

“கங்கம்மான்னு ஒரு அக்கா. ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தாங்க. நான்தான் பஸ்ல போங்கன்னுட்டேன்.”

“அப்ப உங்க வண்டில ஒரு சென்சார் நல்லாத்தான் வேலை செஞ்சிருக்கு” என்றான் சுகுமார். “நாமதான் பஸ்ல ஏத்தி அனுப்பிட்டோம்.”

அவன் விளையாட்டாகச் சொன்னான். ஜெயசீலிக்குச் சுருக்கென்றது. ஆனால் அவனுடைய அடுத்த பேச்சு அதைவிடக் கனமாக இருந்தது.

“அக்கா, சென்சார் பெரிய விஷயமில்ல, மாத்திடலாம். அதுக்குக் கீழ கன்வெர்ட்டர்னு ஒண்ணு கீது. கெட்ட புகையைச் சுத்தம் பண்ணி அனுப்பறது அதுதான். இவ்ளோ நாள் வேகாத பெட்ரோல் அது மேல ஊத்தியிருக்கு. அது செத்துப்போயிருந்தா புகை டெஸ்ட் பாஸ் ஆவாது. புதுசு வாங்கற விலைக்கு இந்த வண்டியவே வித்துடலாம்.”

“செத்துடுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“சென்சார மாத்தி ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்.”

புதிய சென்சார் கடையிலிருந்து வர மறுநாள் ஆகும். சாயங்காலமும் அடுத்த நாள் காலையும் பெண்களை ஏற்ற வேண்டியிருந்தது. ஜெயசீலி கடைசி சீட்டில் ஒரு கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டு, எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து, காரணத்தையும் சொன்னாள். சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். “அப்ப கங்கம்மாக்கா சொன்னது நெஜமா!” என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். “நா அன்னிக்கே நெனச்சேன்” என்றாள் பேபி. “நீதான பிரியாணின்ன?” என்று எல்லோரும் அவள் மேல் பாய்ந்தார்கள்.

வீட்டில் எலியேசர் விஷயத்தைக் கேட்டு, தட்டிலிருந்த சோற்றைப் பிசையாமல் உட்கார்ந்திருந்தார். “நல்லதுக்குத்தானே ஒட்டினேன்” என்றார். “நல்லதுக்குத்தான். சாப்பிடுங்க” என்றாள் ஜெயசீலி. அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கண்ணில் படட்டும் என்றுதான் அவர் ஒட்டினார். கண்ணில் பட்டதும் உண்மைதான். ஆனால் கங்கம்மா சொன்னது காதில் விழுந்தும், கேட்காமல் இருந்தது யார்?

மறுநாள் சுகுமார் வண்டிக்கடியில் படுத்தான். பழைய சென்சார் துருவேறிக் குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. துருவை இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டுக் காத்திருந்தான். கொஞ்சம் இன்ஜினை ஓடவிட்டுக் குழாயைச் சூடாக்கினான். பக்கவாட்டில் வாய் திறந்த ஒரு நீண்ட ஸ்பேனரை, ஒயர் உள்ளே போகிற மாதிரி மாட்டி, பலத்தைப் போடாமல் விட்டு விட்டு அழுத்தினான். “அவசரப்பட்டா மரை போய்டும்க்கா. மரை போச்சுன்னா குழாயவே மாத்தணும்.” கடைசியில் கிறீச்சென்று ஒரு சத்தம். வெளியே வந்த சென்சாரின் முனை கரி பூசி, அடுப்பில் கிடந்த திரி மாதிரி இருந்தது.

புதியதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஜெயசீலி கையை நீட்டினாள். “முனைய மட்டும் தொடாதீங்க, எண்ணெய் கை பட்டா இதுவும் போய்டும்” என்றான். அதைக் கையாலேயே திருகி ஏற்றி, கடைசி இறுக்கலுக்கு மட்டும் ஸ்பேனர் வைத்தான். பின்கதவுக்குப் புது ரப்பர் சுற்றினான். ஸ்கேனரில் பழைய குறையை அழித்தான். மீட்டரில் விளக்கு அணைந்தது.

“அவ்ளோதானா?”

“எங்க அவ்ளோதான்? வண்டிய எடுங்க. ஜி.எஸ்.டி. ரோட்ல போய் வருவோம்.”

சுகுமார் முன்சீட்டில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. “மேல இருக்கறது புதுசா போட்டது. அது ஆடணும். ஆடினா உயிரோட கீதுன்னு அர்த்தம். கீழ இருக்கறது கன்வெர்ட்டருக்கு அப்பால இருக்கற சென்சார். அது ஆடாம அமைதியா போவணும். ரெண்டும் சேந்து ஆடிச்சுன்னா கன்வெர்ட்டர் காலி.”

பெருங்களத்தூர் சிக்னலில் நின்றபோது ஜெயசீலி எட்டிப் பார்த்தாள். இரண்டு கோடுகளும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தன.

பச்சை விழுந்தும் வண்டியை எடுக்க மறந்தாள். பின்னால் ஒரு லாரி அலறியது.

“ரோட்டப் பாருங்கக்கா. கன்வெர்ட்டர் சூடாவணும். சூடாவாம அது வேலை செய்யாது. நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க.”

அவள் ஓட்டினாள். வண்டலூர் வந்தது. மிருகக்காட்சிசாலைச் சுவர் பக்கத்தில் நீண்டுகொண்டே போனது. சுகுமார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. காலர் தைத்த நாட்கள், டிரைவிங் ஸ்கூலில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது, இந்த வண்டியை முதன்முதலில் வீட்டு வாசலில் நிறுத்தியபோது எதிர்வீட்டுக்காரி “யாரு ஓட்டப் போறாங்க?” என்று கேட்டது, எல்லாம் கண்முன் ஓடின. ஜெபம் செய்ய நினைத்தாள். இன்ன வார்த்தை என்று வரவில்லை. கன்வெர்ட்டருக்காக என்னவென்று கேட்பது?

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் தாண்டும்போது சுகுமார் மெதுவாக, “அமைதியாவுது” என்றான்.

“என்ன?”

“கீழ்க்கோடு. படுத்துகிச்சு பாருங்க. இல்ல, பாக்காதீங்க, ஓட்டுங்க. கன்வெர்ட்டர் உசுரோட கீதுக்கா. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே ஓட்டியிருந்தா போயிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க.”

ஜெயசீலி ஓரமாக நிறுத்திவிட்டுத் திரையைத் தானே பார்த்தாள். மேல்கோடு துள்ளிக்கொண்டிருந்தது. கீழ்க்கோடு ஏரித்தண்ணீர் மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் பார்த்தாள்.

“நல்ல வேலை சுகுமார்” என்றாள்.

அவளை நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை. இருந்திருந்தால் திடுக்கிட்டிருப்பார்கள்.

அந்த வாரமே புகைப் பரிசோதனையில் வண்டி தேறியது. அந்தப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, “வேற வண்டியாக்கா?” என்று கேட்டாள். எஃப்.சி. ஆய்வில் அதிகாரி பிரேக், விளக்கு, டயர் எல்லாம் பார்த்தார். சான்று கிடைத்துவிட்டது. ஜெயசீலி அதைப் போட்டோ எடுத்து வெற்றிவேலுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. ட்ரிப் தங்கிவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பெரும்பாக்கம் போனாள். லிப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கங்கம்மாவின் கதவைத் தட்டினாள். கங்கம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கீரையைப் பார்த்தாள்.

“இன்னா, பஸ்ல ஏத்தி உட வந்தியா?”

“நீங்க சொன்னது நிஜம்க்கா. வண்டிலதான் கோளாறு. புகை உள்ள வந்திருக்கு. இப்ப சரி பண்ணியாச்சு. நீங்க மட்டும் சொல்லலன்னா வண்டியே போயிருக்கும்.”

“சொன்னப்ப கேட்டியா நீ? மல்லிப்பூ வாங்கித் தொங்கவுட்ட.”

“கேக்கல. தப்புதான்.”

கங்கம்மா கீரைக் காம்பை ஒடித்துக்கொண்டே இருந்தாள். இந்த மாதிரி வேலை செய்கிறவர்களிடம் நேரில் வந்து தப்புதான் என்று சொல்கிறவர்கள் குறைவு.

“இத சொல்றதுக்கா மாடி ஏறி வந்த? போன்ல சொல்லக் கூடாதா? உக்காரு, டீ போடறேன்.”

டீ குடித்து முடிக்கும்போது கங்கம்மா தன் நிபந்தனையைச் சொன்னாள். “வர்றேன். ஆனா முன்சீட்டுதான். பேபி பின்னால போய் குந்தட்டும்.”

“சரிக்கா.”

“அவதான பிரியாணின்னா?”

“அவதான்.”

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எலியேசர் சர்ச்சுக்கான ஸ்தோத்திரக் காணிக்கை உறையை எடுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். ஒரு நன்மை கிடைத்தால், இன்ன காரியத்துக்காக என்று உறையில் எழுதிக் காணிக்கை போடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் அதைப் போதகர் வாசிப்பார். பேரன் பரீட்சையில் தேறியதற்கு, ஆபரேஷன் நன்றாக நடந்ததற்கு, இப்படி.

“வாகனத்தில் காத்துக்கொண்ட கிருபைக்காகன்னு போட்டுடவா?” என்றார்.

“அதையும் போடுங்க. அதோட, கங்கம்மாவுக்காகவும் மெக்கானிக் சுகுமாருக்காகவும்னு போடுங்க.”

“அவங்க ரெண்டு பேரும் நம்ம சபையே இல்லையே. போதகர் ஐயா படிக்கும்போது எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

“பாக்கட்டும். கர்த்தர் காத்தார்னு சும்மா மொத்தமா சொல்லிட்டா, யார் மூலமா காத்தார்னு சொல்லாம விட்ட மாதிரி ஆகிடும். எனக்கு அது சரியாப் படலை.”

எலியேசர் தன் அழகான எழுத்தில் இரண்டு பெயர்களையும் எழுதினார். சென்சார் என்பதையும் சேர்க்கலாமா என்று கேட்டார். அது வேண்டாம் என்றாள்.

போதகர் அதை வாசித்தபோது நாலைந்து பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்தார்கள். ஜெயசீலி பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்படியொரு நிறைவு வெகுகாலமாகக் கிடைத்ததில்லை. கடவுளுக்கு நன்றி சொல்வது அவளுக்கு எளிது, தினமும் சொல்கிறாள். ஒரு மனுஷிக்கு, அதுவும் தன்னைக் கிண்டல் செய்தவளுக்கு, பெயரைச் சொல்லி நன்றி சொல்வது மனசை எவ்வளவு லேசாக்கிவிடுகிறது என்பது புதிதாக இருந்தது.

திங்கட்கிழமை விடியலில் கங்கம்மா முன்சீட்டில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இரண்டு தடவை உறிஞ்சினாள். பின்சீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

“ம்” என்றாள் கங்கம்மா.

வண்டி மேடவாக்கம் தாண்டியது. ஜெயசீலி ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “நேத்து சர்ச்சில உங்க பேரப் படிச்சாங்கக்கா” என்றாள்.

“ஐய, இன்னாத்துக்கு? நா உசுரோடதான கீறேன்?”

“கல்யாண அறிவிப்பா இருக்கும்க்கா!” என்று கடைசி சீட்டிலிருந்து பேபி கத்தினாள். “மாப்ள ரெடி பண்ணிட்டாங்க உனக்கு!”

“மூடுடி வாய. பின்னால குந்திகினும் அடங்கறாளா பாரு.”

“நன்றி சொல்லிக் காணிக்கை போட்டோம்” என்றாள் ஜெயசீலி. “அதுல உங்க பேரு.”

கேம்ப் ரோடு வந்தது. கங்கம்மா மெதுவாகக் கேட்டாள்.

“மைக்லயா படிச்சாங்கோ?”

“மைக்லதான்.”

கங்கம்மா முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சானடோரியம் வரும்வரை அவள் எதையும் குறை சொல்லவில்லை.